நாய்க்குப் பெயருண்டு

பழைய இரட்டைக்குழல் துவக்கு ஒன்று சுவரோரம் சாத்தப்பட்டிருக்கிறது. அதனருகே, முன்னங்கால்களின்மேல் முகத்தை வைத்துப் படுத்திருக்கிறது ஒரு வேட்டைநாய். வெளியே இலையுதிர்காலத்து விடியற்பனி. மேட்டுநிலப் பறவை வேட்டையைப் பற்றி ஆங்கிலத்தில், சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவில், எழுதப்பெற்ற கட்டுரைகளும் நினைவுக் குறிப்புகளும் பெரும்பாலும் இக்காட்சியோடுதான் தொடங்குகின்றன. நீர்நிலைகளை நாடும் வாத்தினங்களினின்றும் வேறுபடுத்தி, புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் வாழும் காடை, கௌதாரி, கிரவுஸ் முதலியவற்றை மேட்டுநிலப் பறவைகள் என்று அந்நாட்டார் வழங்குவர். அவற்றை வேட்டையாடுவதைப் பற்றிய எழுத்து அங்கே தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது. தந்தையிடமிருந்து வந்த துவக்கு, இறந்துபோன நாய், இனித் திரும்பிவாராத காலைப்பொழுது ஆகிய மூன்றும் அத்துறையின் நிலைத்த பொருள்கள்.

இவ்வெழுத்தை நாம் படித்திருக்கிறோம். படித்து இன்புற்றும் இருக்கிறோம். இதனை முதலிலேயே கூறிவிடுவது நேர்மையாகும். சமுதாய நோக்குடையோர்க்கு நாயும் பிடிக்காது, விடியற்பனியும் பிடிக்காது என்று எண்ணுவார் நம்மிடையே உளர். அவர்கள் எண்ணத்துக்கு இடங்கொடுக்க நாம் விரும்பவில்லை. மனிதன் தன் கையிற் பழகிய கருவியையும் தன்னோடு நடந்த விலங்கையும் நேசிப்பது இழிவன்று. அந்த நேசத்தைப் பற்றி எழுதுவதும் இழிவன்று. நாம் கேட்கப்போவது வேறொரு கேள்வி. அந்த நேசம் எவரைப் பார்க்கிறது, எவரைப் பாராமல் விடுகிறது என்பதே அக்கேள்வி.

முதலில் நாயை எடுத்துக்கொள்வோம். பொயின்ரர், செற்றர் ஆகிய இனங்களைச் சேர்ந்த நாய்கள் பறவையைக் கண்டதும் துரத்துவனவல்ல. காற்றை எதிர்கொண்டு, நிலத்தைக் குறுக்கும் மறுக்குமாக அளந்து ஓடுகின்றன. பறவையின் வாடை மூக்கிற்பட்ட கணத்திலே ஓடிய நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. ஒரு முன்னங்கால் மடிந்திருக்கும், வால் விறைத்திருக்கும், பறவை பதுங்கியிருக்கும் திசையை மூக்கு காட்டும். பின்னால் வரும் நாய், தனக்கு வாடை எட்டாத இடத்திலும், முன்னின்ற நாயை நம்பித் தானும் அசையாது நின்றுவிடும். துவக்கு வேட்டைக்கு வருமுன்னர், பறவைகளின்மீது வலை வீசிப் பிடித்த காலத்தில், வலைக்குத் தடையாகாமல் நிலத்தோடு நிலமாகப் பதுங்கும்படி பழக்கப்பட்ட நாய்களின் வழிவந்ததே செற்றர். பல தலைமுறைகளின் பயிற்சியும் தெரிவும் ஓர் உயிரின் நரம்பிலே குடிகொண்டிருப்பதைக் காணும்போது வியவாதிருப்பவன் கல்மனத்தன்.

துவக்கும் அத்தகையதே. கனெற்றிக்கட் மாநிலத்து மெரிடனிற் செய்யப்பட்ட பார்க்கர், பிலடெல்பியாவிற் பிறந்த பொக்ஸ், இலண்டன் பேர்டி ஆகியவற்றின் பெயரைக் கேட்டமாத்திரத்திலே சேகரிப்போர் கண்களில் ஒளி தோன்றும். முன்னவை இரண்டினதும் பழைய உற்பத்தி இரண்டாம் உலகப் போர்க்காலத்தோடு நின்றுபோயிற்று. அதனாலேயே அவற்றின் மதிப்பு ஏறிற்று. நாள்முழுதும் கையிலே கொண்டு நடப்பதற்கேற்ப ஆறேழு இறாத்தல் நிறை. தோளுக்கு உயர்த்தியதும் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும் சமநிலை. கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப் பளபளக்கும் அக்ரூட் மரப்பிடி. இரும்பிலே செதுக்கிய நாயும் பறவையும். இவை அழகல்ல என்று நாம் சொல்லோம்.

ஆயினும் இந்த அழகுகளுக்கு ஒரு பதிவுமுறை உண்டு என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். ஒவ்வொரு துவக்கிலும் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்விலக்கத்தைக் கொண்டு, தொழிற்சாலையின் பழைய பேரேடுகளிலிருந்து, அது எந்த ஆண்டில், எத்தரத்தில், எவருடைய கட்டளைக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பல வேளைகளில் இன்றும் கண்டறியலாம். நாய்க்கு வம்சாவளி ஏடு உண்டு. அதன் தந்தை, தாய், பாட்டன், பூட்டன் அனைவரும் அங்கே பெயர் பெற்றிருக்கின்றனர். சுடப்பட்ட பறவைக்குப் பெயரில்லையெனினும் எண்ணிக்கை உண்டு. வேட்டைக் குறிப்பேட்டில் நாள்வாரியாக அது எழுதப்படும். துவக்குக்கு இலக்கம், நாய்க்குப் பெயர், பறவைக்குத் தொகை. இவ்வளவு நுட்பமாகக் கணக்கெழுதத் தெரிந்த ஓர் உலகம், அத்துவக்கைச் செய்தவனையும், அந்நிலத்தை உழுதவனையும், அந்நாயைப் பழக்கியவனையும், பறவையைக் கலைத்துக் கொடுத்தவனையும் எழுத மறந்தது தற்செயலா?

கவுண்ற் நோபிள் என்றொரு செற்றர் இருந்தது. 1879இல் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பெரும்புகழ் ஈட்டிய அந்நாய் 1891இல் இறந்தது. அதன் உடலைப் பாடஞ்செய்து, பிற்ஸ்பேர்க் நகரிலே இரும்புத்தொழில் அதிபர் கார்னகியின் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் மக்கள் பார்வைக்கு வைத்திருந்தனர். அந்நாய் இறந்த அடுத்த ஆண்டில், 1892 ஜூலையில், அதே நகரையடுத்த ஹோம்ஸ்ரெட்டில், அதே கார்னகியின் உருக்காலைத் தொழிலாளர் கூலிக்குறைப்பை எதிர்த்து நின்றனர். அவர்கள்மேல் வாடகைக் காவற்படை ஏவப்பட்டது. பலர் உயிரிழந்தனர். நாயின் பெயரை வேட்டைப்பிரியர் இன்றும் சொல்வர். மாண்ட தொழிலாளர் ஒருவரின் பெயரையேனும் சொல்லவல்லார் அவர்களுள் எத்தனை பேர்? நாயைப் போற்றியது குற்றமன்று. ஒரே நகரம், ஒரே காலம், ஒரே செல்வம் இரண்டு மரணங்களுக்கும் கொடுத்த மதிப்பைத்தான் நாம் ஒப்புநோக்குகிறோம்.

இனி, துவக்கு எவ்வாறு உருவாயிற்று என்பதைப் பார்ப்போம். பழைய துவக்குகளை நேசிப்போர் மிக விரும்புவது ‘டமஸ்கஸ்’ எனப்படும் குழல்களை. நீரலைபோலவும் மரவரிபோலவும் கோலமிட்ட குழல்கள் அவை. இரும்பும் உருக்குமான கம்பிகளை அடுக்கிப் பழுக்கக் காய்ச்சி முறுக்கி, அம்முறுக்குப் பட்டையை ஓர் உருளையிற் சுற்றி, மீண்டும் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவார்கள். கோலம் என்பது மேலே தீட்டியதன்று. அடியின் அடையாளம் அது. பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரையடுத்த வெஸ்ட்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, நெசோன்வோ முதலிய ஊர்களிற் குடும்பங் குடும்பமாக இத்தொழிலைச் செய்தனர். அவர்கள் அடித்த குழல்கள் பல நாடுகளுக்கும் சென்றன. வேறு பெயர்களைச் சூடிக்கொண்டன. குழலின்மேலே வெள்ளியெழுத்தில் மின்னுவது கடைக்காரரின் பெயர். செய்தவன் தன் அடையாளமாக இட்ட ஓரிரு எழுத்துகள் இருந்தால், மரப்பிடியைக் கழற்றிப் பார்ப்பவன் கண்ணுக்கே அவை தெரியும்.

இன்னொரு செய்தியையும் கூறவேண்டும். இலண்டன் பேர்டி துவக்கின் பெருமையெல்லாம், சுட்டபின் தானாகவே எளிதில் திறந்துகொள்ளும் அதன் பொறியமைப்பிலே தங்கியிருக்கிறது என்பர். அதனைக் கண்டுபிடித்தவர் பிரெடெரிக் பீஸ்லி. முன்பு பேர்டி பட்டறையிலே வேலை செய்தவர். 1880இல் உரிமப்பதிவு பெற்று, அவ்வுரிமையைத் தம் பழைய முதலாளிக்கே விற்றார். அந்நிறுவனத்தின் இரட்டைக்குழல் துவக்குகள் இன்றுவரை அந்த அமைப்பின்மீதே செய்யப்படுகின்றன. துறையறிந்தோர் பீஸ்லியின் பெயரை அறிவர். துவக்கோ பேர்டியாகவே இருக்கிறது. எல்லாவிடத்தும் இவ்வாறே நடந்தது என்று நாம் வாதிட வரவில்லை. பேர்மிங்காமிலே 1875இல் அன்சன், டீலி என்னும் இருவர் கண்ட எளிய பொறியமைப்பு இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. ஆகவே உழைத்தவன் பெயரை நினைவில் வைத்திருப்பது இயலாத காரியமன்று. மனம் வேண்டும், அவ்வளவே.

துவக்கும் நாயும் மனிதனுடைய அன்புக்கு உரியன என்று கூறுவோர், அவ்வன்பு நீண்டகாலம் சட்டத்தால் சிலருக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தது என்பதையும் அறிதல் வேண்டும். இங்கிலாந்திலே 1671ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வேட்டைச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு நூறு பவுண் வருமானந்தரும் சொந்தநிலம் அல்லது அதனையொத்த தகுதி உடையோரே வேட்டையாடலாம். ஏனையோர் துவக்கு வைத்திருத்தலும் குற்றம். வேட்டைநாய் வைத்திருத்தலும் குற்றம். பிரபுவின் வேட்டைக்காவலன் குடியானவனுடைய வீட்டைச் சோதித்து, நாயையும் வலையையும் பறித்துச் செல்லச் சட்டமே அதிகாரம் அளித்தது. குடியானவனும் தன் நாயை நேசித்திருப்பான். அந்த நேசத்தைப் பற்றிய நினைவுக் குறிப்பு நமக்குக் கிடைக்கவில்லை. பறித்தவனுடைய அதிகாரப் பத்திரமே கிடைத்திருக்கிறது.

அச்சட்டம் 1831வரை நிலவிற்று. அதற்கிடையில், திருட்டு வேட்டைக்காரனைக் கொல்வதற்கென, நூலிற் கால்பட்டதும் தானே வெடிக்கும் துவக்குகளைப் பிரபுக்கள் தம் காடுகளிற் பொருத்திவைத்தனர். 1827இலேதான் அது தடைசெய்யப்பட்டது. மறுவருடம், 1828இல், இரவுவேட்டைச் சட்டம் வந்தது. இரவிலே முயலோ பறவையோ பிடித்துக் குற்றவாளியானவன், மூன்றாம் முறையும் அகப்பட்டால் ஏழாண்டு நாடுகடத்தப்படலாம். குழந்தைகளின் பசிக்காக ஒரு கௌதாரியைப் பிடித்தவன் கடல்கடந்து சிறைக்குடியேற்றத்துக்குச் சென்றான். அதே கௌதாரியை அழகிய துவக்காற் சுட்டவன் ‘விளையாட்டு வீரன்’ எனப்பட்டான். பறவை ஒன்றே, சுட்டவனின் வர்க்கமே வேறு.

அவ்விளையாட்டு எங்கே போய் முடிந்தது? ரிப்பன் பிரபு என்னும் இரண்டாம் மார்க்குவிசை எடுத்துக்கொள்வோம். 1867 தொடக்கம் 1923 வரை அவர் சுட்டு வீழ்த்தியவை 556,813 என அவருடைய குறிப்பேடு கூறுகிறது. மூன்று பேர்டி துவக்குகளை மாறிமாறிக் கையாண்டார். தோட்டா நிரப்பிக் கொடுக்க இருவர் பின்னே நிற்பர். 1923 செப்ரெம்பரிலே, காலைப்பொழுதில் ஐம்பதுக்கு மேற்பட்ட கிரவுஸ் பறவைகளைச் சுட்டபின், வேட்டை மேட்டிலேயே உயிர்நீத்தார். இவருடைய தந்தையாரே இந்தியாவின் இராசப்பிரதிநிதியாக 1880 முதல் 1884 வரை இருந்தவர். சென்னை மாநகராட்சியின் மாளிகை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தந்தைக்கு மாளிகையிற் பெயர் இருக்கிறது. மகனுக்கு வேட்டை வரலாற்றிற் பெயர் இருக்கிறது. மழையிலும் சேற்றிலும் வரிசையாக நடந்து, தடியால் புதர்களைத் தட்டி, அந்தப் பறவைகளைத் துவக்குமுனைக்குக் கலைத்துக் கொடுத்த கூலியாட்களுக்கு எங்கே பெயர்?

1913 டிசெம்பர் 18ஆம் நாள், ஹோல் பார்ன் என்னுமிடத்தில், ஐந்தாம் ஜோர்ஜ் அரசரும் அவருடைய நண்பர்களும் ஒரே நாளிற் சுட்ட பெசன்ற் கோழிகள் 3,900க்கும் மேல். அன்று சற்று எல்லை மீறிவிட்டோம் என அரசரே தம்மிடம் கூறியதாக அவருடைய மகன் பிற்காலத்தில் எழுதியுள்ளார். அரசருக்கே மனம் உறுத்தியிருக்கிறது. அவ்வுறுத்தலும் பறவையின் தொகையைப் பற்றியதே என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கிலாந்தின் கதை பிரபுத்துவத்தின் கதை; அமெரிக்கா பிரபுக்கள் இல்லாத நாடு என்று சொல்வார்கள். உண்மையே. பறவை நிலக்கிழாருக்கு உரியதன்று, மக்களுக்கு உரியது என்னும் கொள்கை அங்கே வேரூன்றியது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால், அந்நாட்டின் தென்பகுதியிலே வேட்டை இலக்கியம் பெரிதும் கொண்டாடும் காடை வேட்டை எந்த மண்ணில் நடந்தது என்று நோக்குவோமாயின், கொள்கைக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரம் புலனாகும்.

ஜோர்ஜியா மாநிலத்துத் தொமஸ்வில் நகருக்கும் புளோரிடா மாநிலத்துத் தலகாசி நகருக்கும் இடையே ‘செங்குன்றுகள்’ எனப்படும் பிரதேசம் உள்ளது. உள்நாட்டுப் போருக்கு முன் அது அடிமைகளின் உழைப்பால் பருத்தி விளைத்த பெருந்தோட்டப் பூமி. போரில் அடிமைமுறை வீழ்ந்தது. அதன்பின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, வடபகுதிக் கைத்தொழிற் செல்வர்கள் அத்தோட்டங்களை வாங்கிக் குளிர்கால வேட்டைத் தோட்டங்களாக்கினர். குதிரையேறிச் செல்லும் கனவான்கள். முன்னே ஓடும் பொயின்ரர் நாய்கள். பின்னே நாய்க்கூடுகளையும் மதிய உணவையும் சுமந்துவரும் கோவேறு கழுதை வண்டி. வண்டியை ஓட்டியவனும், நாய்களைப் பழக்கியவனும், காணாமற்போன நாயைத் தேடிக் குதிரையில் விரைந்தவனும் பெரும்பாலும் கறுப்பினத்தவரே. விடுதலை பெற்ற அடிமைகளின் மக்களும் பேரர்களும் அவர்கள்.

அவர்களும் முன்பு வேட்டையாடியவர்களே. விடுதலை பெற்ற மனிதனுக்கு ஒரு பழைய துவக்கும் ஒரு நாயும் இருந்தால், முதலாளியின் கூலியை எதிர்பாராமல் குடும்பத்துக்கு இறைச்சி தேடலாம். அந்தச் சிறு சுதந்திரமே முதலாளிக்குப் பெரும் அச்சமாயிற்று. 1865இலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் அனுமதிப் பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தலைத் தடைசெய்து சட்டமியற்றியது. 1671இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் செய்ததையும் 1865இல் மிசிசிப்பி செய்ததையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டு கண்டங்கள், இரண்டு நூற்றாண்டுகள்; அஞ்சியது ஒன்றையே.

இங்கே ஒரு வியப்பான உண்மை இருக்கிறது. அக்காடைகளைப் பெருகச் செய்தவர்கள் அக்கனவான்கள் அல்லர். தன் கூவலையே தன் பெயராகப் பெற்ற ‘பொப்வைற்’ காடைக்கு அடர்ந்த காடு ஆகாது. பரந்த ஒரே வயலும் ஆகாது. குஞ்சுகள் ஓடித்திரிய வெறுநிலம் வேண்டும். அவை தின்னப் பூச்சிகள் வேண்டும். ஒளிந்துகொள்ளப் புல்லும் புதரும் வேண்டும். குளிர்காலத்தில் உண்ண அவரையினக் களைகளின் விதை வேண்டும். இவையனைத்தையும் ஒருங்கே தந்தவை கறுப்பினக் குத்தகைக் குடியானவர்களின் சின்னஞ்சிறு சோள, பருத்தி வயல்களும், அவற்றின் களை மண்டிய வரப்புகளும், ஆண்டுதோறும் அவர்கள் காட்டுப்புல்லுக்கு வைத்த தீயும் ஆகும்.

1924இல் அப்பிரதேசத்திற் காடை ஆராய்ச்சியைத் தொடங்கியவர் ஹேபேர்ட் ஸ்ரொடார்ட். அவருடைய பெருநூல் 1931இல் வெளிவந்தது. வனத்துறையினர் தீயைக் காட்டின் பரம எதிரியாகப் பிரசாரம் செய்துவந்த காலம் அது. ஸ்ரொடார்ட், அளவறிந்து வைக்கும் தீயின்றிக் காடை வாழாது என்பதை நிலைநாட்டினார். அவர் துணிவுள்ளவர், சிறந்த அறிஞர், அவர் புகழைக் குறைத்தல் நம் நோக்கமன்று. ஆனால், எந்தக் காற்றில் எந்த நாளில் எந்த மூலையிற் தீ வைக்கவேண்டும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்து செய்துவந்தவர்கள் அந்த ஏழைக் குடியானவர்கள். அவர்கள் செய்தபோது அது வழக்கம் எனப்பட்டது. நூலில் ஏறியபோது விஞ்ஞானம் எனப்பட்டது. பின்னர் குத்தகை வேளாண்மை மறைந்தது. சிறுவயல்கள் இணைந்து இயந்திரங்கள் உழும் பெருவயல்களாயின. குடியானவர் நகரங்களை நாடிச் சென்றனர். காடையும் சென்றது. 1966இல் நாடளாவிய பறவைக் கணக்கெடுப்புத் தொடங்கியபின், பொப்வைற் காடையின் தொகை நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வீழ்ந்திருக்கிறது. இன்று வேட்டைத் தோட்டங்களிலே பெரும்பணம் செலவிட்டு, இயந்திரங்கொண்டு, அக்குடியானவனுடைய சிறுவயலைப்போலவே நிலத்தைத் துண்டு துண்டாகச் செப்பஞ்செய்கின்றனர். குடியானவன் இல்லாத குடியானவன் வயல் அது.

நமது கூற்றை மறுப்போர் கூறும் வாதங்கள் இரண்டு. அவற்றை ஒளிப்பது நமக்கு அழகன்று.

வேட்டைக்காரன்தான் இயற்கையின் உண்மையான காவலன் என்பது முதல் வாதம். இதில் உண்மை உண்டு. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்காவிலே துவக்குகளின்மீதும் தோட்டாக்களின்மீதும் விதிக்கப்படும் வரி, வனவிலங்குகளின் பேணலுக்கே செலவிடப்படுகிறது. பல நிலங்களும் இனங்களும் அதனாற் பிழைத்தன. இதனை மறுப்பவன் உண்மைக்கு மாறானவன். ஆனால், காவல் செய்தவருக்கு நன்றி கூறும் நாம், காடையை வாழவைத்தும் காவலர் பட்டியலிற் சேர்க்கப்படாத குடியானவனுக்கும் அதே நன்றியைக் கேட்கிறோம். வரி கட்டியவன் பெயர் பெற்றால், வியர்வை கட்டியவனும் பெயர் பெறவேண்டும்.

ஏழையும் துவக்கையும் நாயையும் நேசிக்கிறான் என்பது இரண்டாவது வாதம். இது வாதமன்று; நம் கட்சியே இது. பொக்ஸ் நிறுவனம் ‘ஸ்ரேலிங்வேர்த்’ என்ற பெயரிலும், பார்க்கர் நிறுவனம் ‘ட்ரோஜன்’ என்ற பெயரிலும், செதுக்கு வேலை குறைந்த மலிவான துவக்குகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் செய்தன. அவற்றைச் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய தொழிலாளிகள் உண்டு. சனிக்கிழமையில் ஆலைச்சங்கு ஓய்ந்தபின், பொதுநிலத்துப் பற்றைக்காட்டிலே தன் நாயோடு நடந்து, ஒரு பறவையோடோ வெறுங்கையோடோ வீடு திரும்பிய மனிதனை நாம் ஏன் பகைக்கவேண்டும்? அவனும் அந்நாயும் கழித்த அந்தி நேரம் அவனுடைய வாழ்வின் உரிமை. அந்த அந்தியை அவனுக்குத் தந்தது பொதுநிலம் என்பதையே நாம் வற்புறுத்துகிறோம். வேலி விழுந்த இடத்தில் அவனுக்கு அந்தியும் இல்லை. அவனைப் போன்றோரின் நினைவுக் குறிப்புகள் பெருகட்டும். அவற்றைப் படிக்க நாம் காத்திருக்கிறோம்.

அந்நிய நாட்டு வேட்டையைப் பற்றி ஈழத்துத் தமிழ் வாசகனுக்கு என்ன கவலை என்று கேட்பாரும் இருப்பர். அவ்வெழுத்து மரபு இந்நாட்டு மலைகளிலும் ஏறி வந்தது என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவிலே குடியேறி, அம்மலைக்காடுகளில் மரைகளை நாய்களைவிட்டு வேட்டையாடினார். துவக்கையும் வேட்டைநாயையும் தலைப்பிலேயே கொண்ட அவருடைய இலங்கை நூல் 1850களில் வெளிவந்தது. அந்நூலிலே கில்பக், ஸ்மட் முதலிய நாய்கள் பெயரோடும் குணத்தோடும், கதாபாத்திரங்கள்போலவே நடமாடுகின்றன. அவற்றின் சாவுக்கு ஆசிரியர் உருகுகிறார். தடம் பார்த்தவர்களாகவும் சுமை தூக்கியவர்களாகவும் அவரோடு சென்ற இந்நாட்டு மக்களிற் பெரும்பாலார் பெயரின்றியே வந்து பெயரின்றியே மறைகின்றனர்.

அவர் வேட்டையாடிய காலம் எது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தனியுரிமைக்குச் சான்று காட்ட முடியாத காட்டுநிலத்தையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதெனக் கருத வகைசெய்துவிட்டிருந்த காலம். கண்டிக் கிராமவாசியின் காடு கோப்பித் தோட்டமாகிக்கொண்டிருந்த காலம். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து எம்மவர் காடும் மலையும் கடந்து கால்நடையாக அத்தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம். வழியிலே நோயாலும் பசியாலும் விழுந்தவர்களின் பெயர்களை எந்த வம்சாவளி ஏடு காத்து வைத்திருக்கிறது? 1894இல் தோட்டத்துரைமாரும் வேட்டைப்பிரியரும் கூடி இந்நாட்டிலே வேட்டை விலங்குகளைப் பாதுகாக்கச் சங்கம் அமைத்தனர். அச்சங்கத்தின் வழியாக நன்மைகள் பலவும் விளைந்தன. ஆயினும், மரையின் தொகை குறைந்ததைக் கண்டு கவலை கொண்ட கண்கள் லயத்தின் பக்கம் திரும்பவில்லை.

ஆகவே எழுத்தாளராகிய நமக்கு இங்கே ஒரு பாடம் உண்டு. பழைய பொருள்களின்மீதும் பழகிய விலங்குகளின்மீதும் அன்பு செலுத்தும் எழுத்து நம் மொழியிலும் பெருகி வருகிறது. பாட்டன் வீட்டுச் சாய்மனைக் கதிரை, பித்தளைச் செம்பு, வண்டில் மாடு, வாசலிற் கிடந்த நாய். எழுதட்டும், நன்றாகவே எழுதட்டும். ஆனால் அக்கதிரையைப் பின்னியவன் யார், செம்பை வார்த்தவன் யார், அம்மாட்டுக்குப் புல் அறுத்தவள் எந்த வாசலில் நிறுத்தப்பட்டாள் என்பதை எழுதாமல் விட்டால், அன்பு என்ற பெயரால் நாமும் ஒரு வேட்டைக் குறிப்பேட்டையே எழுதியவராவோம். அன்பைக் குறைக்குமாறு நாம் எவரையும் கேட்கவில்லை. அன்புக்கு வேலி இடாதீர் என்றே கேட்கிறோம்.

பறவையும் ஒருமுறை பெயர் பெற்றது. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலே ஏராளமாக வாழ்ந்த ‘ஹீத்’ கோழி என்னும் மேட்டுநிலப் பறவை, சுடப்பட்டுச் சுடப்பட்டுத் தேய்ந்து, பின்னர் தீயாலும் நோயாலும் மெலிந்து, ஈற்றில் மார்தாஸ் வினியார்ட் என்னும் தீவிலே ஒரேயொரு சேவலாக எஞ்சிற்று. அதற்கு மக்கள் ‘பூமிங் பென்’ என்று செல்லப்பெயர் இட்டனர். 1932 மார்ச்சுக்குப் பின் அதை எவரும் காணவில்லை. ஆயிரமாயிரமாக இருந்தபோது தொகை. ஒன்றே ஒன்றாக எஞ்சியபோது பெயர். உழைக்கும் மனிதனுக்கும் இவ்வாறு கடைசி ஆளாக எஞ்சியபின்தான் பெயர் சூட்டப்போகிறோமா?

ஆசிரியத் தொழிலிலே நாள்தோறும் காலையில் நாம் செய்யும் முதற்கடமை, இடாப்பைத் திறந்து பெயர்களை வாசிப்பது. ஒரு பெயர் தவறிவிட்டால் அந்தப் பிள்ளை உடனே எழுந்து, “சேர், என்ர பெயரை வாசிக்கேல்லை” என்று சொல்லும். அவ்வாறு எழுந்து சொல்லும் வாய்ப்பு, நெசோன்வோவிற் குழல் அடித்தவனுக்கும், செங்குன்றுகளிலே தீ வைத்தவனுக்கும், நுவரெலியாக் காட்டிலே சுமை தூக்கியவனுக்கும் கிட்டவில்லை. அவர்களுக்காக எழுந்து நிற்கவேண்டியவன் எழுத்தாளன். நாயின் பெயரை அழிக்கவேண்டாம். அதன் கீழே இடம் இருக்கிறது.